என் நிலவேம்பு மாத்திரை தோற்ற கதை

என் மாத்திரை நல்ல மாத்திரை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இனிமேல் சொல்லப்போவது அது தோற்ற கதை.

மலேசியாவில், ஈப்போ நகரத்தில் ஒரு பல்கலைக்கழகத்தின் மருந்தியல் துறையில் வேலை செய்கிறேன். என்ன வேலை என்று யாராவது கேட்டால், நான் மருந்து கண்டுபிடிப்பவள் இல்லை, மருந்தை வீடு சேர்ப்பவள் என்பேன். ஒரு மருந்து வாய்க்குள் போவது சுலபம். அங்கிருந்து வயிற்று அமிலத்தைத் தாண்டி, குடலில் கரைந்து, ரத்தத்தில் ஏறுவதற்குள் பல மருந்துகள் வழியிலேயே வீணாகிவிடும். அவற்றைச் சேதாரமில்லாமல் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் என் பிழைப்பு. ஆறு வருஷமாக நான் சேர்க்கப் பாடுபட்டது நிலவேம்பை.

மலாய்க்காரர்கள் அதை ஹெம்பெடு பூமி என்பார்கள். பூமியின் பித்தம் என்று அர்த்தம், பெயரே கசக்கிறது. எங்கள் மாநிலத்தில் பாரிட் புந்தாரில் ஆரம்பித்து பாகான் டத்தோ வரைக்கும் வேலியோரத்தில் அதை வளர்க்கிறவர்கள் இருக்கிறார்கள். காய்ச்சல் என்றால் ஒரு கைப்பிடி, சர்க்கரை என்றால் தினம் ஒரு கிளாஸ். சிக்கல் என்னவென்றால், அதில் உள்ள முக்கியமான பொருள் தண்ணீரில் சரியாகக் கரையாது. குடித்த கஷாயம் நாக்கைக் கசக்க வைத்துவிட்டுப் பெரும்பாலும் வந்த வழியே போய்விடும். நான் அதன் சாரத்தை மாவை விடச் சின்னத் துகள்களாக்கி, மேலே ஒரு மெல்லிய பூச்சுக் கொடுத்து, குடலுக்குப் போன பிறகே திறக்கும்படி செய்தேன். கசப்பு துளியும் கிடையாது. ஒரே ஒரு நிபந்தனை, சாப்பிட்ட பிறகு விழுங்க வேண்டும். சாப்பாட்டில் இருக்கும் எண்ணெய்க்காக உடம்பு பித்தநீரைச் சுரக்கும். அந்தப் பித்தநீரில்தான் என் துகள்கள் கரையும். மலேசியாவில் சாப்பாட்டில் எண்ணெய்க்குப் பஞ்சமா என்ன? அதை நான் நிபந்தனையாகவே நினைக்கவில்லை.

மனிதர்களிடம் சோதித்துப் பார்க்கும் கட்டம் வந்தது. நோயில்லாத ஆட்கள் வேண்டும், மூன்று இனத்தாரும் வேண்டும். மலாய்க்காரர்களும் சீனர்களும் எங்கள் வளாகத்திலிருந்தே கிடைத்தார்கள். தமிழர்கள் கிடைக்கவில்லை. எங்கள் துறைத் தலைவர் ஒரு சீனப் பேராசிரியை, எதையும் இரண்டாவது தடவை சொல்லாதவர். “தமிழர்களை நீயே தேடிக் கூட்டி வா” என்றார்.

ஈப்போவிலிருந்து அரை மணி நேரத் தூரத்தில் ஒரு பழைய ரப்பர் தோட்டம். பால் மரங்களை வெட்டி, எண்ணெய்க்காகச் செம்பனை வைத்தார்கள், பிறகு செம்பனையிலும் பாதியை வெட்டி வரிசை வீடுகள் கட்டினார்கள். தோட்டத் தொழிலாளர் லயத்தில் இருந்த குடும்பங்களில் சில அங்கேயே வீடு வாங்கிக்கொண்டன. நானும் ஆயர் தாவார் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தவள்தான். அதை நினைத்து உருக எனக்கு ஒன்றுமில்லை. மழை பெய்தால் கக்கூஸுக்குக் குடை பிடித்துப் போன இடம் அது. ஆனால் அந்த ஜனங்களோடு எப்படிப் பேசுவது என்று எனக்குத் தெரியும் என்ற திமிர் இருந்தது. திமிர் என்றே எழுதுகிறேன், தன்னம்பிக்கை என்று பூசி மெழுகவில்லை.

அந்த வரிசையில் ஓர் அக்கா இருந்தார். ஐம்பதைத் தாண்டியவர், கையுறைத் தொழிற்சாலையில் சூப்பர்வைசர். அவர் ஒன்றைச் சொன்னால் அங்கே மறுபேச்சுக் கிடையாது. அவர் ஏற்பாட்டில் ஒரு சனிக்கிழமை பொது மண்டபத்தில் பதினைந்து பெண்கள் கூடினார்கள். நான் விளக்கத் தாளை நீட்டினேன். எந்தச் சோதனையிலும் இப்படி ஒரு தாள் இருக்கும்; என்ன மருந்து, எதற்கு, என்ன ஆபத்து எல்லாம் அதில் எழுதியிருக்கும். மலாய்த் தாளிலும் சீனத் தாளிலும் ‘தாவரச் சாறு அடங்கிய மாத்திரை’ என்று போட்டு ஒரு குறியீட்டு எண்ணைக் கொடுத்திருந்தோம். தமிழ்த் தாளை நான் எழுதினேன். தாவரச் சாறு என்றால் யாருக்கு மனம் இளகும்? ‘நம் நிலவேம்பிலிருந்து தயாரித்த மூலிகை மருந்து’ என்று எழுதினேன். நெறிமுறைக் குழுவும் பார்த்து ஒப்புதல் கொடுத்துவிட்டது. அதோடு விட்டேனா? மண்டபத்தில் ஒரு பிரசங்கமும் செய்தேன்.

“இது நம்ம மருந்து. நம்ம ஆளு ஒருத்தி செஞ்சது. வெளிநாட்டுக்காரன் மருந்தையே எத்தன நாளைக்குத் தின்னுக்கிட்டு இருப்போம்? நம்மளுத நம்மளே ஒரசிப் பாப்போம்லா!”

கை தட்டினார்கள். உடல் பரிசோதனையில் தேறி ஏழு பேர் சேர்ந்தார்கள். அன்று வீடு திரும்பும்போது காரில் சத்தமாகப் பாடிக்கொண்டே வந்தது நினைவிருக்கிறது.

சோதனை பதினான்கு நாள். தினமும் மதியம் சாப்பிட்டுவிட்டு ஒரு மாத்திரை. ஒரு சின்னப் புத்தகம் கொடுத்திருந்தோம். அதில் ‘சாப்பிட்டீர்களா’, ‘மாத்திரை எடுத்தீர்களா’ என்று இரண்டு கட்டங்கள், இரண்டிலும் ஒரு சரி போட்டால் போதும். முதல் நாள், எட்டாம் நாள், பதினான்காம் நாள் மதியம் வேன் அனுப்பி அழைத்து வந்து ரத்தம் எடுப்போம். முதல் நாள் மட்டும் நாங்களே சாப்பாடு போட்டோம். தேங்காய்ப்பாலில் வெந்த நாசி லெமாக் சோறு, பொரித்த கோழி. மற்ற நாட்களில் வீட்டிலேயே சாப்பிட்டு மாத்திரை போட்டுக்கொண்டு வருவார்கள்.

முதல் நாள் ரத்தத்தில் எல்லோருக்கும் மருந்து நன்றாக ஏறியிருந்தது. திரையில் அந்தக் கோடுகளைப் பார்த்து எனக்குக் கண் கலங்கிவிட்டது. எட்டாம் நாள் முடிவுகள் வந்தபோது மலாய்க்காரர்களுக்கும் சீனர்களுக்கும் கோடு அதே உயரத்தில் இருந்தது. என் தமிழ்ப் பெண்களில் ஆறு பேருக்குப் படுத்துவிட்டது. ஒரே ஒருத்திக்கு மட்டும் எல்லோரையும் விட உயரமாக எழும்பி நின்றது. பதினான்காம் நாள் அந்த ஒருத்தியின் கோடும் விழுந்துவிட்டது. எங்களிடம் பெயர் இல்லை, எண்கள்தான். யார் அந்த ஒருத்தி என்று எனக்குத் தெரியாது.

எங்கள் சோதனைக்கு ஒரு மருத்துவர் இருந்தார். வியாபாரத்துக்காக ஈப்போ வந்த செட்டிநாட்டுக் குடும்பத்துப் பிள்ளை. வேலையில் கெட்டி, வாய் கொஞ்சம் நீளம். முடிவுகளைப் பார்த்துவிட்டு நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

“இதுல யோசிக்க என்னங்க இருக்கு? மாத்திரைய சாக்கடையில போட்டுட்டு வெறும் அட்டையக் கொண்டாந்து குடுத்திருக்காங்க.”

“எப்படி அவ்ளோ உறுதியாச் சொல்றீங்க?”

“மொத நாளு இங்க நம்ம கண்ணு முன்னால முழுங்கினாங்க, ஏறிச்சு. வீட்டுக்குப் போனதும் ஏறல. வேற என்ன காரணம் இருக்கும்? தோட்டத்து ஜனங்க, அவங்களுக்கு இதெல்லாம் வெளையாட்டு.”

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும் என்று என் வீட்டில் சொல்வார்கள். அன்று அது மூக்கைத் தாண்டிவிட்டது. “நானும் தோட்டத்து ஜனந்தான். ஆறு வருஷமா நான் என்ன வெளையாடிக்கிட்டா இருக்கேன்?” என்று கேட்டுவிட்டு எழுந்து வந்துவிட்டேன். வந்து என் மேசையில் உட்கார்ந்த பிறகுதான் சந்தேகம் வந்தது. அவர் சொன்னது உண்மையாக இருந்துவிட்டால்?

பேராசிரியை கூப்பிட்டார். பத்து நாளில் மதிப்பீட்டுக் கூட்டம். ஒரு கூட்டத்தாருக்கு மட்டும் ஏன் ஏறவில்லை என்று காரணம் சொல்ல முடியாவிட்டால் மாத்திரை அங்கேயே நின்றுவிடும் என்றார். இரண்டாவது தடவை சொல்லவில்லை.

சோதனையில் ரத்தம் எடுக்கும் எங்கள் தாதி ஒரு மலாய்ப் பெண். அவரையும் கூட்டிக்கொண்டு அந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போனேன். ஏழு பேரும் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். குடிக்க மைலோ வந்தது, முறுக்கு வந்தது. மருந்து சிலருக்குச் சரியாகச் சேரவில்லை, காரணம் தேடுகிறோம் என்று பொதுவாகச் சொன்னேன். யார் ரத்தத்தில் என்ன இருந்தது என்பதை இன்னொருவர் முன்னால் சொல்லக் கூடாது, அது விதி.

“மாத்திரைய எல்லா நாளும் எடுத்தீங்களா?”

“சத்தியமா எடுத்தோம் டாக்டர்” என்றார் அக்கா. நான் ஊசி போடும் டாக்டர் இல்லை என்று பல தடவை சொல்லியும் அவர் விடுவதாக இல்லை. “நானே வீடு வீடாப் போயி பாத்தேன். முழுங்கிட்டு நாக்கத் தூக்கிக் காட்டணும் எங்கிட்ட.”

“சாப்பிட்டுட்டுத்தான எடுத்தீங்க?”

“சாப்பிட்டுத்தான். புத்தகத்துல சரி போட்டிருக்கோமே.”

அப்போதுதான் கதவோரத்தில் உட்கார்ந்திருந்த பெண் விசும்ப ஆரம்பித்தார். பள்ளிக்கூடத்துக் கேன்டீனில் வேலை செய்பவர், ஏழு பேரில் வயதில் சின்னவர். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

“என்னாலதான் டாக்டர். எல்லாம் என்னாலதான் கெட்டுப் போச்சு.”

“ஏய், என்னாடி சொல்ற?” என்று அக்கா திரும்பினார்.

“ரெண்டாவது தடவ ரத்தம் எடுத்தீங்கல்ல, அதுக்கு மொத நாளு முனியாண்டி கோயில்ல பூச. அன்னிக்குக்கூட நான் தொடலக்கா. மறுநாளு பாத்தா சுண்டக்கறி. பழைய சட்டியில எண்ண மெதக்குது. வாசம் வேற. ஒரு வாயின்னு ஆரம்பிச்சு... சட்டியவே வழிச்சுட்டேன். அப்பறம் மாத்திரையப் போட்டுக்கிட்டு வேன்ல ஏறிட்டேன். யாருகிட்டயும் சொல்லல.”

கூடத்தில் ஒரு பெரும் சத்தம் எழுந்தது. “அடிப்பாவி!” என்றது ஒரு குரல். “நாங்கெல்லாம் வாயக் கட்டி வயித்தக் கட்டிக் கெடக்கோம், ஒனக்குக் கறி கேக்குதா?” என்றது இன்னொன்று. எனக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை.

“இருங்க, இருங்க. கறி சாப்பிட்டா என்ன? யாரு கறி சாப்பிட வேணாம்னு சொன்னா?”

எல்லோரும் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். படித்தவளுக்கு இதுகூடத் தெரியவில்லையே என்ற பார்வை.

“மூலிக மருந்துன்னு நீங்கதான டாக்டர் எழுதியிருந்தீங்க” என்றார் அக்கா. “மூலிகன்னா பத்தியம் இல்லாமலா? மொத நாளு நீங்க குடுத்த நாசி லெமாக்க மறுக்கக் கூடாதேன்னு தின்னோம். வீட்டுக்கு வந்த அன்னிக்கே ஆரம்பிச்சுட்டோம். எண்ண கெடயாது, புளி கெடயாது, தேங்கா கெடயாது, மீனு கறி எதுவும் கெடயாது. வறுத்த உப்பப் போட்டு வெறுங்கஞ்சி, சுட்ட அப்பளம். பதினாலு நாளும் ஏழு பேருக்கும் ஒரே சமையல்தான், எங்க வீட்டுலதான் பொங்கினேன்.”

நான் தாதியைப் பார்த்தேன். அவருக்குத் தமிழ் அரைகுறையாகப் புரியும். “பந்தாங்!” என்றார் நெற்றியில் அடித்துக்கொண்டு. பத்தியத்துக்கு மலாய்ச் சொல் அது. மலாய்க்காரர்களுக்கும் பத்தியம் உண்டு; நாட்டு மருந்து என்றால் அவர்களும் வாயைக் கட்டுவார்கள். ஆனால் மலாய்த் தாளில் நாட்டு மருந்து என்று யாரும் எழுதவில்லை. தாவரச் சாறு என்று எழுதியிருந்தது, அவர்கள் பாட்டுக்குத் தேங்காய்ப்பாலில் வற்றவிட்ட ரெண்டாங் கறியைத் தொட்டுக்கொண்டு சாப்பிட்டார்கள். தமிழில் மட்டும்தான் ஒருத்தி அழகாக எழுதி, மண்டபத்தில் பிரசங்கமும் செய்திருந்தாள். எங்கள் புத்தகத்திலும் சாப்பிட்டீர்களா என்று கேட்டோமே தவிர, என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்க ஒரு கட்டம் வைக்கவில்லை.

எண்ணெய் இல்லாத வயிற்றில் என் துகள்கள் எதில் கரையும்?

சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். அக்காவிடம் கேட்டேன். “ஏங்க்கா இவ்ளோ கஷ்டப்பட்டீங்க? யாரும் கேக்கலையே.”

“நம்ம பொண்ணு செஞ்ச மருந்துன்னு சொன்னீங்க” என்றார் அவர், இதில் கேட்க என்ன இருக்கிறது என்பதைப் போல. “எங்க வாய்க்கொழுப்பால அது தோத்துப் போயிடக் கூடாதுல்ல? எம் மக நிச்சயத்துக்கு நூத்தம்பது பேரு பிரியாணி தின்னாங்க. நான் அடுப்படியில நின்னு கஞ்சியக் குடிச்சேன்.”

இப்போது சிரிப்பு வரவில்லை. மைலோவைக் கீழே வைத்துவிட்டுக் கழிவறை எங்கே என்று கேட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அவமானத்தில் அழுதேனா பாசத்தில் அழுதேனா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. இரண்டுமாகத்தான் இருக்கும். வெளியே வந்தபோது கேன்டீன் பெண்ணை இன்னும் திட்டிக்கொண்டிருந்தார்கள். ஏழு பேரில் அவர் ரத்தத்தில்தான் என் மருந்து ஏறியிருக்க வேண்டும் என்று தெரிந்தும் அங்கே வாயைத் திறக்க முடியவில்லை. “யாரும் எந்தத் தப்பும் பண்ணல, இவங்களத் திட்டாதீங்க” என்று மட்டும் சொன்னேன். யாரும் நம்பியதாகத் தெரியவில்லை.

மறுநாள் மருத்துவரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு, “எங்க வீட்லயும் லேகியம் சாப்பிட்டா அம்மா ஒரு மாசம் புளியத் தொட மாட்டாங்க. எனக்குத் தோணாமப் போச்சே” என்று ஒத்துக்கொண்டார். சாக்கடை என்று சொன்னதற்கு மன்னிப்பும் கேட்டார், அதை இங்கே எழுதிவிட வேண்டும். அதற்குப் பிறகுதான் அந்த யோசனையைச் சொன்னார்.

“நல்லதாப் போச்சுங்க. வழக்கமான சாப்பாட்ட மாத்தினது விதிமீறல். அப்படி எழுதி ஏழு பேரையும் கணக்குலேருந்து எடுத்துடுவோம். மிச்சம் இருக்கவங்க எல்லாருக்கும் மருந்து ஏறியிருக்கு. உங்க மாத்திரை பொழச்சுடும்.”

பொய் இல்லை அது. விதிப்படி செய்யலாம், பலர் செய்கிறார்கள். ஆறு வருஷ உழைப்பு ஒரு வரியில் காப்பாற்றப்பட்டுவிடும். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அந்த வாரம் முழுக்க ஆய்வகத்தில் துகள்களை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லாம் ஒரே அளவில், பூச்சு சீராக, அழகாக இருந்தன. எனக்கு அவற்றின் மேல் ஆசை. இப்படிப்பட்ட வேலையை இந்த ஊரில் வேறு யாராலும் செய்திருக்க முடியாது என்று அப்போதும் நினைத்தேன், இப்போதும் நினைக்கிறேன். ஆனால் அவற்றைப் பார்க்கும்போதெல்லாம் அடுப்படியில் நின்று கஞ்சி குடித்தவர்தான் ஞாபகத்துக்கு வந்தார். நாளைக்கு இந்த மாத்திரை கடைக்கு வந்தால், அட்டையில் நிலவேம்பு என்று இருக்கும். அதைப் பார்த்து நம்பி வாங்குகிறவர்கள் யார்? அவர்கள்தான். வாங்கிக்கொண்டுபோய் என்ன செய்வார்கள்? வாயைக் கட்டுவார்கள்.

கூட்டத்தில் ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். நான் எழுந்து நின்று, விளக்கத் தாளை எழுதியது நான், மண்டபத்தில் பேசியது நான், என்ன சாப்பிட்டார்கள் என்று கேட்காமல் விட்டதும் நான் என்று வரிசையாகச் சொன்னேன். ஏழு பேரை நீக்கக் கூடாது என்றும் சொன்னேன்.

“நீக்கினால் உன் மாத்திரை தேறும்” என்றார் பேராசிரியை.

“காகிதத்தில் தேறும். யாருக்காகச் செய்தேனோ அவர்கள் வயிற்றில் தேறாது.”

“பத்தியம் வேண்டாம் என்று அட்டையில் அச்சடித்துவிட்டால்?”

“படித்துவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று பத்தியம் இருப்பார்கள்.”

அவர் பேனாவை மூடி வைத்தார். தன் அம்மா ஜின்செங் வேர்க் கஷாயம் குடிக்கிற நாட்களில், அதன் சக்தியை முறித்துவிடும் என்று வெள்ளை முள்ளங்கியைச் சமையலறைக்குள்ளேயே விடமாட்டார் என்றும், எத்தனை ஆராய்ச்சிக் கட்டுரைகளைக் காட்டினாலும் விடமாட்டார் என்றும் சொன்னார். பிறகு, “வேறு என்ன செய்வாய்?” என்று கேட்டார்.

எனக்கு அது தெரிந்திருந்தது. அந்த ஒரு வாரத்தில் கணக்குப் போட்டு வைத்திருந்தேன். மருந்தை உலர்ந்த துகளாக அனுப்பக் கூடாது. எண்ணெயில் முன்கூட்டியே கரைத்து, மென்மையான உறைக்குள் அடைத்து அனுப்ப வேண்டும். வயிற்றில் தண்ணீர் பட்டதும் அது பாலைப் போலக் கலங்கிச் சின்னச் சின்னத் துளிகளாகப் பிரியும். சாப்பாட்டில் எண்ணெய் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது தன் எண்ணெயைத் தானே கொண்டுபோகும். ஒரு வருஷம் கொடுங்கள், செய்து காட்டுகிறேன் என்றேன். தயங்காமல்தான் சொன்னேன். பழைய மாத்திரையை அன்றே நிறுத்தினார்கள். ஒரு வருஷத்தைக் கொடுத்தார்கள்.

கேன்டீன் பெண்ணை அவருடைய முடிவைச் சொல்ல வேண்டும் என்று தனியாக வரவழைத்து, அவருடைய எண்ணைக் கேட்டுத் தேடி எடுத்து, அவர் கோட்டை அவருக்கே காட்டினேன். எட்டாம் நாள் உச்சியில் நின்றது அவருடையதுதான்.  “இத அவங்ககிட்டச் சொல்லலாமா?” என்று கேட்டார். அவருடைய ரத்தம், அவர் யாரிடம் வேண்டுமானாலும் சொல்லலாம் என்றேன்.

அக்காவுக்கு நானே போன் செய்தேன். எதிர்முனையில் தொழிற்சாலைச் சத்தம் கேட்டது. வெளியே வந்து பேசினார்.

“அந்த மாத்திரைய நிறுத்திட்டாங்கக்கா.”

 அவர் மெதுவாகக் கேட்டார். “நாங்க இன்னும் கடுமையா இருந்திருக்கணுமா டாக்டர்? உப்பையும் விட்டிருக்கணுமோ? நெனச்சோம், ஒருத்திக்குத் தல சுத்தலுன்னு விட்டுட்டோம்.”

“அய்யோ அக்கா, இல்ல. நீங்க இருந்ததுல ஒரு குறையும் இல்ல.”  “உங்களால தோக்கல. நான் செஞ்ச மாத்திரைக்கு உங்ககூட ஒக்காந்து சாப்பிடத் தெரியல. பிரியாணி தின்னவங்களோட போச்சு, கஞ்சி குடிச்சவங்களோட போகல. தப்பு அதுமேலதான், என்மேலதான்.”

 அக்கா சிரித்தார், அந்தச் சூப்பர்வைசர் சிரிப்பு.

“அப்ப அதுக்கு மொதல்ல கஞ்சி குடிக்கப் பழக்குங்க டாக்டர். பழக்கிட்டு வேன அனுப்புங்க. நாங்க ஏழு பேரும் வாரோம்.”